கழலாத சக்கரமும் கழன்ற ஜாக்கியும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கிளையில் ஆடிட், பிறகு பூஜை, பிறகு தீபாவளி, நடுவில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகை என்று நாட்கள் ஓடிவிட்டன. இன்றைக்கு எழுத வந்தது கார் சக்கரத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக டெபிட், கிரெடிட் பார்க்கிற ஆளுக்குக் கார் சக்கரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது என்பதுதான் பதில். அப்படித் தெரியாமல் செய்ததில் என் பையனுடைய கை போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா அம்மாவை தக்ஷிணேஸ்வரம் அழைத்துப் போவதாகத் திட்டம். காபி குடித்துவிட்டுக் கீழே இறங்கினால் பின்பக்க இடது டயர் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. பஞ்சர். கார் வாங்கி ஏழு வருஷம். இதுவரை ஒருமுறைகூட நானாகச் சக்கரம் மாற்றியதில்லை. பஞ்சர் என்றால் டயர் கடை, கடைப் பையன், அவன் கையில் காற்றில் ஓடுகிற அந்தத் துப்பாக்கி, டர்ர்ர் டர்ர்ர் என்று நாலு சத்தம், காசு கொடுத்தால் முடிந்தது. அதற்கு மேல் அந்த நட்டுகளோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது.

நாங்கள் இருப்பது தெற்குக் கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம். (2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டது, என் நாக்குக்குத்தான் இன்னும் சுற்றறிக்கை வரவில்லை.) எங்கள் தெருவில் பழைய வீடுகளின் வாசலில் 'ரோயாக்' என்று ஒன்று இருக்கும். நம்ம ஊர்த் திண்ணையேதான். ஞாயிறு காலையில் நாலு பெரியவர்கள் செய்தித்தாளும் மண் குவளை டீயுமாக அதில் உட்கார்ந்து உலகத்தை நடத்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண் முன்னால் ஒரு 'மாட்ராஸி' பாங்க் பாபு, கேவலம் ஒரு பஞ்சருக்கு ஆள் தேடி ஓடுவதா? இந்த வீம்புதான் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி.

எட்டாவது படிக்கிற என் பையன் உதவிக்கு வந்தான். டிக்கியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வெளியே எடுத்தோம். ஜாக்கி இன்னும் கம்பெனி பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் நட்டே அசையவில்லை. ஸ்பேனர் முனையில் ஏறி நின்றேன். அசையவில்லை. லேசாகக் குதித்தேன். கிரீச் என்று ஒரு சத்தம், திண்ணையிலிருந்து சின்னதாக ஒரு கைதட்டல். நாலு நட்டையும் இப்படியே குதித்துக் குதித்துத் தளர்த்திவிட்டு ஜாக்கியைப் போட்டேன். கார் நின்றிருந்தது தெருவோரச் சாக்கடை மூடியின் மேல், கொஞ்சம் சரிவான இடம். முன் சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுக்கவில்லை. கியரும் போடவில்லை. ஹேண்ட் பிரேக் மட்டும்.

அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பம். நட்டு நாலும் என் உள்ளங்கையில். சக்கரம் இருந்த இடத்திலேயே. எதுவும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, ஆனாலும் வரவில்லை! இரண்டு கையாலும் இழுத்தேன். ஆட்டிப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் காலால் உதைத்தேன். நான் மேலே உதைக்க, பையன் தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு டயருக்குப் பின்னால் கையை விட்டு அடியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம். எனக்கு வியர்வை, கோபம், திண்ணையில் இலவச ஆலோசனைகள் வேறு.

முதல் மாடி வராந்தாவிலிருந்து அம்மாவின் குரல். "டேய், இட்லி ஆறுது. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போடா." பையன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு இரண்டு அடி வைத்திருப்பான். நான் இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஒரு உதை விட்டேன்.

ஜாக்கி சாய்ந்தது. விழுந்தது என்று சொல்ல மாட்டேன். தூக்கம் வந்தவன் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்வது போலச் சாய்ந்தது. கார் தொப்பென்று கீழே இறங்கியது. ஒரு நிமிஷம் முன்பு பையனுடைய கை இருந்த இடத்தில் இப்போது டயர் இருந்தது.

அந்த ஓசையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. திண்ணையில் பேச்சு நின்றுவிட்டது. தங்கமணி கீழே இறங்கி வந்தார். வளைந்த ஜாக்கியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆனவன் சொல்கிறேன், திட்டுவதைவிட அது மோசம்.

திண்ணைப் பெரியவர் ஒருவர்தான் தெருமுனைக்குப் போய் மிஸ்த்ரியை அழைத்துவந்தார். (வங்காளியில் எந்தக் கைவேலைக்காரரும் மிஸ்த்ரி. நம்ம மேஸ்திரியும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டுக்கும் மூலம் போர்ச்சுகீசியம். அவர்கள் 'சாபி' என்பதும் நாம் 'சாவி' என்பதும் அப்படித்தான். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு இந்த மாதிரி சமாச்சாரத்தில் ஒரு அல்ப சந்தோஷம்.) அறுபது வயது இருக்கும். காலில் ரப்பர் செருப்பு, வாயில் பான். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ஜோர் கொரே ஹொபே நா, தாதா" என்றார். பலத்தைக் காட்டினால் நடக்காது, அண்ணா.

பிறகு டயரைச் செருப்புக் காலால் லேசாகத் தள்ளினார். அது ஆடியது! அரை மணி நேரம் நானும் பையனும் மல்லுக்கட்டி அசைக்க முடியாத சக்கரம், கார் விழுந்த ஒரே நொடியில் துருப்பிடியிலிருந்து விடுபட்டிருந்தது. மிஸ்த்ரி சிரித்துவிட்டார். நான் உதைத்து உதைத்துப் பார்த்த வேலையைக் காரின் எடை செய்து முடித்துவிட்டது. அவர்கள் பட்டறையில் வேண்டுமென்றே செய்வதும் இதைத்தானாம். ஒரே ஒரு வித்தியாசம், அவர்கள் நட்டை மாட்டிவிட்டுச் செய்வார்கள்.

இன்னொன்றும் சொன்னார். சக்கரம் ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் கார் டயர் மேல் விழுந்தது. நான் ஆசைப்பட்டபடி அது அப்போதே கழன்று வந்திருந்து, பிறகு ஜாக்கி சாய்ந்திருந்தால், பிரேக் டிரம்மும் கார் அடிப்பாகமும் நேராகத் தரைக்கு வந்திருக்கும். இதைக் கேட்டு நான் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர்களே எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார்கள்.

சரி, சக்கரம் ஏன் ஒட்டிக்கொள்கிறது? கழற்றிய பிறகு மிஸ்த்ரி காட்டினார். நட்டும் போல்ட்டும்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கின்றன என்று நாம் நினைக்கிறோம். சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய துளை இருக்கிறது. ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வளையம் அதற்குள் கச்சிதமாக உட்காரும். சக்கரம் சரியாக மையத்தில் நிற்க வேண்டுமே, அதற்காக இடைவெளி இல்லாத அளவு வைத்திருக்கிறார்கள். இரும்பு துருப்பிடித்தால் சும்மா நிறம் மாறுவதில்லை, பருமனும் கூடுகிறது. இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் துருவுக்கு இடம் வேண்டும். இடைவெளியே இல்லாத இடத்தில் அது எங்கே போகும்? வளையத்தையும் துளையையும் ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிவிடும். அலாய் வீல் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அலுமினியமும் இரும்பும் தண்ணீரில் ஒன்றோடொன்று உட்கார்ந்தால் பாட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரிக்கும். அங்கே பழுப்புக்குப் பதில் வெள்ளைப் பொடி, அவ்வளவுதான்.

கல்கத்தாவில் இதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. 2025 செப்டம்பர் 22 இரவு பிடித்த மழை விடிவதற்குள் நகரத்தை முழுக்கடித்தது. 24 மணி நேரத்தில் 250 மில்லிமீட்டர் சொச்சம். துர்கா பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை, பந்தல்கள் எல்லாம் பாதித் தண்ணீரில். தெருத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்துபோனார்கள். அந்தச் சாவுகளுக்கு முன்னால் கார் ஒரு விஷயமே இல்லை. ஆனால் எங்கள் கார் ஒன்றரை நாள் ஹப் மூழ்கத் தண்ணீரில் நின்றது. இந்த ஊரில் மழை விட்டதும் தண்ணீர் இறங்கிவிடாது. கங்கையில் ஹை டைட் நேரம் என்றால் மதகுகளை மூடித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு ஊருக்குள் வரும். பழைய நகரத்தில் மழைத் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய் வேறு. அந்தக் கஷாயத்தில் ஊறிய காரை நான் என்ன செய்தேன்? வெளியே கழுவினேன். உள்ளே பாய் காயவைத்தேன். பூஜைக்கு மாலை போட்டேன். சக்கரத்துக்குப் பின்னால் ஈரம் உட்கார்ந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. மேலே அழகுக்கு மாட்டியிருந்த பிளாஸ்டிக் வீல் கப் அதை மூடிவிட்டது.

இங்கே எங்கள் தொழில் பாஷையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வட்டியோ அசலோ கெடு தாண்டி 90 நாள் வராமல் போனால் அந்தக் கடனை வாராக்கடன் என்று எழுத வேண்டும். கணக்கு நன்றாகத்தானே இருந்தது என்ற பேச்சுக்கெல்லாம் இடமில்லை. 90 நாள் அசையாத கணக்கைச் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு, ஏழு வருஷத்தில் நாலைந்து முறை மட்டுமே, அதுவும் வேறு யாரோ கழற்றிய சக்கரத்தைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

இப்போது மிஸ்த்ரி காட்டிய வழி. அன்றைக்கு வலது பின் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன். அதுவும் இதே மாதிரி ஒட்டித்தான் இருந்தது. அதை அவர் கழற்றியதைப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் காரைத் தள்ளிச் சமதளத்துக்குக் கொண்டுபோனார். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக் கொடுத்தார். நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே தளர்த்தினார். பிறகு தூக்கி, சக்கரம் வருகிறதா என்று கையால் மட்டும் ஒரு இழுப்பு. வரவில்லை. உடனே நிறுத்திவிட்டார். உதை கிடையாது, சுத்தியல் கிடையாது. நாலு நட்டையும் கையாலேயே கடைசி வரை திருகி, பிறகு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு சுற்று பின்னால் விட்டார். காரைத் தரையில் இறக்கி ஜாக்கியை வெளியே எடுத்தார். என்னை உள்ளே உட்காரச் சொல்லி, கட்டைகளை எடுத்துவிட்டு, முதல் கியரில் ஒரு முழம் முன்னால், பிரேக். ரிவர்ஸில் ஒரு முழம் பின்னால், பிரேக். மூன்றாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மறுபடியும் கட்டை கொடுத்து, நட்டை லேசாக இறுக்கி, ஜாக்கியில் தூக்கி, நட்டைக் கழற்றியதும் சக்கரம் சமர்த்தாகக் கைக்கு வந்தது.

இதில் உயிர்நாடி அந்த ஒரு சுற்று. அதற்கு மேல் விட்டால் சக்கரம் அளவுக்கு மீறி ஆடி போல்ட் மரையைக் கெடுக்கும். நட்டே இல்லாமல் செய்தால் என் கதைதான். ஒரு முழத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. சரிவான தெருவில் கூடவே கூடாது. பஞ்சரான டயரிலும் ஒரு முழம்தானே, மெதுவாகச் செய்யலாம் என்றார். சிலர் ஓட்டாமல், இறக்கி நிறுத்திய காரைப் பக்கவாட்டில் ஆட்டியே விடுவிப்பார்களாம்.

இதற்கும் மசியாவிட்டால்? துருவுக்குப் போடும் எண்ணெயை நடுத் துளையின் ஓரத்திலும் போல்ட் வேரிலும் அடித்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மறுநாள் இதையே திரும்பச் செய்வது. எண்ணெய் பிரேக் மேல் படக்கூடாது. அதற்கும் வராவிட்டால் மரியாதையாக ஆள் கூப்பிடுவது. சுத்தியலால் அலாய் வீலை அடித்தால் விரிசல் விடும். டார்ச் வைத்துச் சூடு காட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். காற்றடைத்த டயரைச் சூடாக்கினால் வெடிக்கும், பக்கத்தில் இருப்பவன் பிழைப்பது கஷ்டம். காருக்கு அடியில் தலையோ கையோ போக வேண்டிய எந்த வேலைக்கும் டிக்கியில் வரும் ஜாக்கி போதாது, ஸ்டாண்டு வேண்டும். வீட்டில் ஸ்டாண்டு இல்லாவிட்டால் அந்த வேலை வீட்டு வேலை இல்லை. குறைந்தபட்சம் ஸ்டெப்னியையாவது காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஜாக்கி சாய்ந்தாலும் கார் அதன் மேல் உட்காரும்.

கழற்றிய பிறகு கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வளையத்தையும் துளையையும் தேய்த்தார். வளையத்தின் ஓரத்தில் மட்டும் விரலில் ஒட்டுகிற அளவு கிரீஸ். போல்ட் மரையில் வேண்டாம் என்று நான் கேட்காமலே சொன்னார். மரையில் வழவழப்பு ஏறினால் அதே பலத்தில் நட்டு கூடுதலாக இறுகிவிடும்.

இறுக்கம் என்றதும் என் பி.காம். மூளை கொஞ்சம் விழித்துக்கொண்டது. அன்று மாலை கையேட்டை எடுத்து (அதுவும் உறையில்தான் இருந்தது) பார்த்தேன். சின்னக் கார்களுக்கு நட்டு இறுக்கம் பொதுவாக 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 40 கிலோ பலம் கொடுத்தால் நூறு வந்துவிடும். வீட்டுப் பெண்களும் சாதாரணமாகக் கொடுக்கக்கூடிய பலம். என் எடை 78 கிலோ. நான் ஏறி நின்றால் ஏறக்குறைய 190. அப்போதும் நட்டு அசையவில்லை, குதித்த பிறகுதான் அசைந்தது என்றால், அதில் எவ்வளவு துரு, எவ்வளவு துப்பாக்கி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கடைப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். நட்டு கழன்று ஓடினால் அவன் தலை உருளும், அதிகம் இறுகினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் இன்னொரு டர்ர்ர் விட்டிருப்பேன். நாம்தான் பக்கத்தில் நின்று "துப்பாக்கியில் லேசாக, கடைசி இறுக்கம் கையால்" என்று கேட்க வேண்டும். இப்போது கேட்கிறேன். முறைக்கிறான், ஆனால் செய்கிறான்.

என் கட்சி இதுதான்: சொந்தக் காரின் சக்கரங்களை வருஷத்துக்கு ஒரு முறை, பஞ்சர் இல்லாத ஒரு நல்ல பகலில், சமதளத்தில், வீட்டிலேயே கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் கிளையில் சொல்லாமல் வந்து ரொக்கத்தை எண்ணுவது போல. துரு இளசாக இருக்கும்போது கழற்றினால் கையோடு வந்துவிடும். நாலு வருஷம் விட்டால்தான் மிஸ்த்ரி வித்தை தேவைப்படுகிறது. அவசரத்துக்கு என்று வைத்திருக்கிற ஜாக்கியை அவசரத்தின்போதுதான் முதன்முதலாகப் பிரித்துப் பார்ப்பேன் என்பது, தீப்பிடித்த பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசியைப் படிக்க ஆரம்பிப்பது மாதிரி.

இதைச் சொன்னால் அலுவலகத்தில் நண்பர்கள் கேட்கிறார்கள்: "அதான் போன் பண்ணா ஆள் வராங்களே, உனக்கு எதுக்கு இந்த மெனக்கெடல்?" நியாயமான கேள்விதான். வருவார்கள். பார்க் சர்க்கஸில் வருவார்கள். ஆனால் நம்மில் எத்தனை பேர் கோடை விடுமுறைக்குக் குழந்தை குட்டிகளோடு கல்கத்தாவிலிருந்து சென்னை வரை 16-ஆம் எண் நெடுஞ்சாலையில் காரிலேயே போகிறோம்? காரக்பூர், பாலாசோர், புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். இரவு பத்து மணிக்கு ஒடிசாவில் பெயர் தெரியாத இடத்தில் லாரிகள் பறக்கிற சாலையோரத்தில் சக்கரம் இப்படி ஒட்டிக்கொண்டால், ஆள் வரும் வரை பெண்டு பிள்ளைகளோடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் என்னை மாதிரி ஆத்திரத்தில் உதைக்க வேண்டும். பாஷை தெரியாத இடத்தில் இரண்டாவதைத்தான் செய்வோம். என்னை எனக்குத் தெரியும்.

ஸ்டெப்னியே இல்லாமல் வரும் கார்களின் கதை வேறு. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், டயர் காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான் இவை இருந்தால் கார்க் கம்பெனி ஸ்டெப்னி தர வேண்டியதில்லை. ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் குழியில் இறங்கி டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் எந்தப் பசையும் நிற்காது. நம் சாலைகளில் ஆணி அதிகமா குழி அதிகமா என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் இருக்கும் ஒரு தெருவின் பெயர். 1904-ல் அந்தத் தெருவில் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தவர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். இங்கிலாந்துக்காரன் மறந்துவிட்டான், தமிழனும் வங்காளியும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.)

வெளிநாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பனிக்காக சாலையில் உப்புக் கொட்டும் ஊர்களில் இந்தத் துரு பத்து வருஷ வேலையை இரண்டே குளிர்காலத்தில் செய்துவிடும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம், ஆகவே மாண்ட்ரியல் தமிழர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை சக்கரம் மாற்றியே ஆக வேண்டும். ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவர்கள், சட்டமே அவர்கள் சக்கரத்தைக் கழற்றிக் காட்டிவிடுகிறது. டயரை மட்டும் மாற்றாமல் ஹப்பையும் தேய்த்துவிடச் சொல்லுங்கள். சென்னையில் அப்பா அம்மாவிடம் கார் விட்டுவைத்திருக்கிறீர்களா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அது தண்ணீரில் நின்றதா? அதற்குப் பிறகு யாராவது சக்கரத்தைக் கழற்றினார்களா? அடுத்த தடவை போனில் "சாப்டீங்களா"வுக்கு அப்புறம் இதையும் கேளுங்கள்.

கணக்கு எழுதுகிற கைக்கு கிரீஸ் ஆகாது என்று யாராவது சொன்னால், இதே ஊரில் 1907-ல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் உதவி அதிகாரியாக வேலைக்கு வந்த ஒரு தமிழரைச் சொல்வேன். ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கருவிகளைக் குடைந்துகொண்டிருந்தார் சி.வி. ராமன். நான் அவரும் இல்லை, சக்கரம் நோபல் சமாச்சாரமும் இல்லை. ஒரு தைரியத்துக்குச் சொன்னேன்.

அப்பா அம்மா ஊருக்குத் திரும்பியாகிவிட்டது. தக்ஷிணேஸ்வரத்துக்கு அன்றைக்கு மெட்ரோவில்தான் போனோம். காரில் போவதைவிட அதுதான் சுகமாக இருந்தது என்று அப்பா இரண்டு தடவை சொன்னார், குத்திக்காட்டினாரா என்று இன்னும் தெரியவில்லை. மிஸ்த்ரி கூலியாகக் கேட்டது சொற்பம். அதற்கு மேல் கொடுத்ததை வாங்கவில்லை, அம்மா கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டார். டிசம்பரில் ஒரு ஞாயிறு முன்பக்கச் சக்கரம் இரண்டையும் நாங்களே கழற்றினோம். கியர், கட்டை, ஸ்டெப்னியை அடியில் போடுவது என்று தங்கமணி ஒரு தாளில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகுதான் ஜாக்கியைத் தொட விட்டார். இடது பக்கம் கையோடு வந்தது. வலது பக்கத்துக்கு இரண்டு முழம் ஓட்ட வேண்டியிருந்தது, ஓட்டியது அவர். பையன் ஐந்தடி தள்ளி நின்று, 'டக்' கேட்டதும் கையைத் தூக்க வேண்டும், அது மட்டும்தான் அவன் வேலை.

வளைந்த ஜாக்கி வராந்தாவில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரன் மூன்று தடவை கேட்டுவிட்டான். அம்மா ஊருக்குப் போகும்போது அதை எறியக்கூடாது என்று என்னிடம் சொல்லவில்லை, பேரனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.